யூபிஎஸ், பிடியூவிடம் கேள்வி கேட்கும் ஸ்கிரிப்ட் பழுதானால்: ஒயரிலிருந்து எண் வரை தேடும் முழு வழிகாட்டி

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ரேக்கின் யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு கெட்டுப்போய், வேறு கார்டு போட்டார்கள். புதுக் கார்டில் கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கை, அதாவது கேள்வி கேட்பவர் சொல்ல வேண்டிய கடவுச்சொல் போன்ற சரத்தை, யாரும் அமைக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் என் ஸ்கிரிப்டுக்கு அன்றிலிருந்து ஒரு பதில்கூட வரவில்லை. ஆனால் டாஷ்போர்டில் அந்த யூபிஎஸ் பச்சையாகவே இருந்தது. மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக அந்த அறைக்குள் போன ஒருவர், யூபிஎஸ் விடாமல் பீப் அடிக்கிறது என்று வந்து சொன்னார். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் கோளாறு ஒரே வரியில். பதிலே இல்லாத வெற்று மாறியை எச்சரிக்கை எல்லையான 20-உடன் ஒப்பிட்டிருக்கிறது, ஷெல் பிழை சொல்லியிருக்கிறது, பிழை வந்ததால் நிபந்தனை பொய்யாகி 'இல்லாவிட்டால் சரி' என்ற கிளைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு இந்த வகை ஸ்கிரிப்ட் எதைத் தொட்டாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: பதில் வராதபோது இது என்ன சொல்கிறது? 'நன்றாக இருக்கிறது', 'மோசமாக இருக்கிறது', 'தெரியவில்லை' ஆகிய மூன்றும் மூன்று தனி விடைகள். மூன்றாவதை முதலாவதாகச் சொல்லும் ஸ்கிரிப்டை நம்பி இருப்பதைவிட ஸ்கிரிப்டே இல்லாமல் இருப்பது பாதுகாப்பு. ஸ்கிரிப்ட் இல்லையென்றால் யாராவது நேரில் போய்ப் பார்ப்பார்கள்.

இங்கே பெரும்பாலும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் வழியாகச் சாதனங்களின் நிலையைக் கேட்கும் நெறிமுறை) வழியாகக் கேட்கும் ஸ்கிரிப்ட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். யூபிஎஸ் ஆகட்டும், ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிடியூ ஆகட்டும், அதிகம் புழங்கும் வழி அதுதான். என்யூடி (யூபிஎஸ்களைக் கண்காணிக்கும் மென்பொருள்), மோட்பஸ் (தொழிற்சாலைச் சாதனங்கள் பேசும் நெறிமுறை), எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) ஆகியவை பின்னால் வரும்.

படி 1: எழுதும் உரிமையை முதலில் எடுத்துவிடுங்கள்

பழுது தேடும்போது கை தவறுவது சகஜம். வலைத்தளச் சர்வரில் கை தவறினால் ஒரு பக்கம் தெரியாமல் போகும். பிடியூவில் கை தவறினால் ஒரு ரேக்கே அணைந்துவிடும். ஏபிசியின் பழைய வரிசை ரேக் பிடியூக்களில் 1.3.6.1.4.1.318.1.1.12.3.3.1.1.4 என்ற ஓஐடியின் (சாதனத்தின் ஒரு விவரத்தைக் குறிக்கும் எண் முகவரி) கடைசியில் அவுட்லெட் எண்ணைச் சேர்த்து 1 எழுதினால் அந்த அவுட்லெட் ஆன் ஆகும், 2 எழுதினால் ஆஃப் ஆகும், 3 எழுதினால் அணைந்து மறுபடி எரியும். அதே ஓஐடியைப் படித்தால் நிலை தெரியும். படிக்கும் கட்டளைக்கும் எழுதும் கட்டளைக்கும் நடுவில் சில எழுத்துகள்தான் வித்தியாசம், அதுவும் ஷெல்லின் பழைய வரிகளை மேல்நோக்கித் தட்டி எடுப்பவர்களுக்கு இது நிஜமான ஆபத்து.

அதனால் படிக்க மட்டும் அனுமதியுள்ள கம்யூனிட்டி அல்லது வி3 (எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்பு) பயனர் ஒன்றை உருவாக்கி, தேடல் முழுவதையும் அதிலேயே செய்யுங்கள். கண்காணிப்பு ஸ்கிரிப்டுக்கும் அதுவே போதும். அவுட்லெட்டை இயக்கும் ஸ்கிரிப்ட் தேவையென்றால் அது தனிக் கோப்பு, தனிப் பயனர்.

படி 2: அறிகுறிக்குச் சரியான பெயர் வையுங்கள்

'ஸ்கிரிப்ட் ஓடவில்லை' என்ற விவரத்தை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. நான்கில் எது என்று பாருங்கள். பதிலே வராமல் டைம்அவுட் ஆகிறதா? பதில் வருகிறது, ஆனால் 'அப்படி ஒரு ஆப்ஜெக்ட் இல்லை' என்பது போன்ற பிழையாக வருகிறதா? எண் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லையா? கையால் ஓட்டினால் சரியாக வந்து, கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) மட்டும் சொதப்புகிறதா? முதலாவது நெட்வொர்க் அல்லது அடையாளச் சோதனைச் சிக்கல். இரண்டாவது ஓஐடி சிக்கல். மூன்றாவது அலகு அல்லது பொருள் சிக்கல். நான்காவது பெரும்பாலும் ஸ்கிரிப்ட் ஓடும் சூழல்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கிரிப்டை ஓரம் வைத்துவிட்டு, ஸ்கிரிப்ட் ஓடும் அதே மெஷினில், அதே பயனராக, ஒரே ஒரு எஸ்என்எம்பிகெட் கட்டளையை (ஓஐடியின் மதிப்பைக் கேட்பது) கையால் கொடுங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து கொடுத்துப் பார்ப்பது இங்கே உதவாது, ஏனென்றால் ஃபயர்வாலுக்கும் கார்டின் அனுமதிப் பட்டியலுக்கும் அது வேறு ஆள்.

படி 3: கேள்வி போய்ச் சேர்கிறதா?

முதல் கேள்வியாக எப்போதும் 1.3.6.1.2.1.1.1.0 கேளுங்கள். அது சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரணை. எஸ்என்எம்பி பேசும் எல்லாச் சாதனத்திலும் இருக்கும், எந்த எம்ஐபி கோப்பும் (ஓஐடிகளின் பெயரையும் பொருளையும் சொல்லும் பட்டியல்) வேண்டாம். அதற்குப் பதில் வந்தால் நெட்வொர்க்கும் அடையாளமும் சரி, படி 5-க்குப் போகலாம்.

வரவில்லை என்றால் பிங் போட்டுப் பாருங்கள். ஆனால் பிங் வந்துவிட்டதே என்று அதோடு நிறுத்த வேண்டாம். கார்டின் நெட்வொர்க் பகுதிக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். எஸ்என்எம்பி கேள்விகள் யூடிபி 161-வது போர்ட்டுக்குப் போகின்றன. சாதனம் தானாக அனுப்பும் டிராப் செய்திகள் 162-க்கு வருகின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஃபயர்வாலில் 162-ஐ மட்டும் திறந்துவிட்டு, ஏன் பதில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யூடிபியில் கைகுலுக்கல் கிடையாது என்பதால் போர்ட் திறந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து ஸ்கேன் செய்து உறுதியாகச் சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில், போய்வரும் பேக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஸ்கிரிப்ட் ஓடும் மெஷினில் யூடிபி 161 என்று வடிகட்டி ஓடவிட்டு, வேறு ஜன்னலில் கட்டளையைக் கொடுங்கள். கேள்வியே வெளியே போகவில்லை என்றால் முகவரி தப்பு, அல்லது பெயரை ஐபியாக மாற்றும் இடத்தில் தப்பு. கேள்வி போகிறது, பதில் வரவில்லை என்றால் வழியில் ஃபயர்வால், அல்லது கார்டு மௌனம் காக்கிறது. மூன்றாவது காட்சிதான் பலரைக் குழப்புவது: பதில் பேக்கெட் கண்ணெதிரே வருகிறது, ஆனால் கட்டளை டைம்அவுட் என்கிறது. காரணம், டிசிபிடம்ப் உள்ளே வரும் பேக்கெட்டை மெஷினின் சொந்த ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. பதில் வேறு ஐபியிலிருந்து வந்தாலோ, தாமதமாக வந்தாலோ ஃபயர்வாலோ நிரலோ அதைத் தூக்கிப் போட்டுவிடும். பேக்கெட்டின் புறப்பாட்டு முகவரியையும் நேரத்தையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அதே சப்நெட்டில் உள்ள மெஷினுக்குப் பதில் வந்து, வேறு சப்நெட்டில் உள்ள சர்வருக்கு வரவில்லை என்றால் கார்டில் டீஃபால்ட் கேட்வே அமைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி போய்ச் சேர்கிறது, பதிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று கார்டுக்குத் தெரியவில்லை. மின்சாதனக் கார்டுகளை அவசரத்தில் அமைக்கும்போது விட்டுப்போகும் முதல் விஷயம் இதுதான். ஒரே ஐபி இரண்டு சாதனத்துக்கு இருந்தால் பதில் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. ஐபிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் காட்டும் ஏஆர்பி அட்டவணையில் மேக் முகவரி மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள்.

படி 4: மௌனத்துக்குப் பின்னால் இருக்கும் அடையாளச் சிக்கல்

எஸ்என்எம்பி வி1, வி2சி இரண்டிலும் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் தப்பாக இருந்தால் சாதனம் 'தப்பு' என்று சொல்லாது. கேள்வியைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஃபயர்வால் தடுப்பதும் இதுவும் ஒரே டைம்அவுட்தான். கார்டின் அனுமதிப் பட்டியலில் உங்கள் சர்வரின் ஐபி இல்லாவிட்டாலும் இதே மௌனம். புதிய ஃபர்ம்வேர் போட்டதும் எஸ்என்எம்பி தானாக அணைந்திருப்பதும் உண்டு. ஆகவே டைம்அவுட் என்றதும் கேபிளைப் பிடுங்கிச் செருகுவதற்கு முன், கார்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து நான்கையும் ஒரே மூச்சில் சரிபாருங்கள்: எஸ்என்எம்பி ஆன் ஆகியிருக்கிறதா, எந்தப் பதிப்பு, எந்த கம்யூனிட்டி, எந்த ஐபிகளுக்கு அனுமதி.

வி3 கொஞ்சம் நேர்மையானது, பிழைக்குக் காரணம் சொல்லும். ஆனால் அதை எண்ணாகச் சொல்லும். பதிலில் 1.3.6.1.6.3.15.1.1 என்று ஆரம்பிக்கும் ஓஐடி வந்தால் அதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். 1 என்றால் நீங்கள் கேட்ட பாதுகாப்பு நிலைக்கு அங்கே ஆதரவு இல்லை. 2 என்றால் நேரம் ஒத்துவரவில்லை. 3 என்றால் அந்தப் பயனர் பெயரே தெரியாது. 4 என்றால் என்ஜின் ஐடி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய தனி அடையாளம்) தெரியாது. முதல் அறிமுகத்தின்போது இது வழக்கமாகவே வரும், அதோடு நின்றுபோனால்தான் சிக்கல். 5 என்றால் கடவுச்சொல்லோ சரிபார்ப்பு அல்காரிதமோ பொருந்தவில்லை. 6 என்றால் குறியாக்கத்தை அவிழ்க்க முடியவில்லை. கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2-வது எண் தனியாகச் சொல்லத் தக்கது. வி3-இல் கேட்பவரும் சொல்பவரும் சாதனத்தின் கடிகாரத்தை ஒத்துப்பார்த்துக்கொள்கிறார்கள். 150 விநாடிக்கு மேல் விலகினால் செய்தி நிராகரிக்கப்படும். இதில் எனக்குப் பிடிபட நாளான ஒரு சிக்கல் உண்டு. ஒரு பிடியூவின் அமைப்புக் கோப்பை அப்படியே இன்னொன்றில் ஏற்றிவிட்டால் இரண்டுக்கும் ஒரே என்ஜின் ஐடி வந்துவிடக்கூடும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் பதில் சொல்லும். ஒரே ஸ்கிரிப்ட் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதல் பிடியூவின் கடிகாரத்தை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்கும், நேரப் பிழை வரும். 'தனியாக ஓடுகிறது, சேர்த்து ஓட்டினால் ஓடவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் என்ஜின் ஐடிகளைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

குறியாக்கத்துக்கு ஏஇஎஸ்-256 வைத்து எதுவும் பொருந்தவில்லை என்றால் ஏஇஎஸ்-128-க்கு மாற்றிச் சோதியுங்கள். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3826 வரையறுப்பது 128-ஐ மட்டுமே. அதற்கு மேல் போகும்போது சாவியை நீட்டிக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

படி 5: கேட்கும் ஓஐடி அங்கே இருக்கிறதா?

பதில் வருகிறது, ஆனால் 'ஆப்ஜெக்ட் இல்லை' என்கிறது என்றால் சாதனத்துக்கு அந்தக் கிளையே தெரியாது. 'இன்ஸ்டன்ஸ் இல்லை' என்றால் கிளை தெரியும், நீங்கள் கேட்ட வரிசை எண் இல்லை. கடைசியில் .0 போட மறப்பது இரண்டாவதற்கு மிகச் சாதாரணமான காரணம்.

யூபிஎஸ்ஸுக்கு ஒரு பொது எம்ஐபி இருக்கிறது: 1994 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 1628. அதன் கிளை 1.3.6.1.2.1.33. தவிர, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 1.3.6.1.4.1-க்குக் கீழே சொந்தக் கிளை உண்டு: ஏபிசிக்கு 318, ஈட்டனின் யூபிஎஸ் வரிசைக்கு 534, ராரிடனுக்கு 13742, லீபெர்ட்டுக்கு 476, சர்வர் டெக்னாலஜிக்கு 1718. சில கார்டுகள் இரண்டையும் பேசும், சில ஒன்றை மட்டும். எது என்று ஊகிக்க வேண்டாம். 1.3.6.1.2.1.1.2.0 கேட்டால் சாதனம் எந்த நிறுவனக் கிளையைச் சேர்ந்தது என்று அதுவே சொல்லும். பிறகு அந்தக் கிளை முழுவதையும் வரிசையாகப் படிக்கும் எஸ்என்எம்பிவாக் போட்டு ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் மாற்றும் முன் ஒரு வாக், மாற்றிய பின் ஒரு வாக், இரண்டையும் டிஃப் போட்டால் எது காணாமல் போனது என்று உடனே தெரியும்.

மூன்று ஃபேஸ் யூபிஎஸ்ஸில் வெளியீட்டு லோடு ஒரு எண் அல்ல. 1.3.6.1.2.1.33.1.4.4.1.5 என்ற அட்டவணையில் ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று வரும். கடைசியில் .1 மட்டும் கேட்கும் ஸ்கிரிப்ட் மற்ற இரண்டு ஃபேஸ்களைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. ஓஐடிகளைப் பெயராக எழுதாமல் எண்ணாகவே எழுதுங்கள். பெயரை எண்ணாக மாற்ற எம்ஐபி கோப்பு வேண்டும். டெபியன், உபுண்டுவில் அவை உரிமக் காரணத்தால் தானாக வருவதில்லை, தனியாக இறக்கி, அமைப்புக் கோப்பில் இயக்கவும் வேண்டும். உங்கள் மெஷினில் ஓடிய ஸ்கிரிப்ட் புது சர்வரில் 'தெரியாத ஆப்ஜெக்ட்' என்று அடம்பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படி 6: எண் வருகிறது, ஆனால் அது என்ன சொல்கிறது?

அதிகச் சேதம் நடக்கும் இடம் இது, ஏனென்றால் இங்கே எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆர்எஃப்சி 1628-இல் யூபிஎஸ்ஸின் வெளியீடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் ஓஐடி 1.3.6.1.2.1.33.1.4.1.0. அதில் 3 என்றால் இயல்பு, 4 என்றால் பைபாஸ், 5 என்றால் பேட்டரி. ஏபிசியின் சொந்தக் கிளையில் அதே கேள்விக்கான ஓஐடி 1.3.6.1.4.1.318.1.1.1.4.1.1.0. அதில் 2 என்றால் லைனில் இருக்கிறது, 3 என்றால் பேட்டரியில் ஓடுகிறது. அதாவது ஒரு கிளையில் '3' நிம்மதி, மற்றதில் அதே '3' ஆபத்து. ஒரு ஸ்கிரிப்டிலிருந்து ஓஐடியை மட்டும் நகலெடுத்து, ஒப்பிடும் வரியை மாற்றாமல் விட்டால், மின்சாரம் போன நிமிடத்தில் ஸ்கிரிப்ட் 'எல்லாம் இயல்பு' என்று சொல்லும். ஓஐடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கருத்துரையாக எழுதி வையுங்கள். பின்னால் அதைத் தொடப்போகும் ஆளுக்கு அது பெரிய உதவி.

அடுத்தது அலகு. பொது எம்ஐபியில் பேட்டரி வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டாக வரும்: 546 என்றால் 54.6 வோல்ட். 48 வோல்ட் பேட்டரித் தொகுப்பு மிதவை சார்ஜில் இருக்கும்போது பொருத்தமான எண். ஆனால் உள்ளீட்டு வோல்டேஜ் முழு வோல்ட்டாகவே வரும். கரண்ட் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர், அலைவெண் பத்தில் ஒரு பங்கு ஹெர்ட்ஸ். ஒரே எம்ஐபிக்குள்ளேயே இப்படி மாறுவதால் எல்லாவற்றையும் பத்தால் வகுக்கும் குறுக்குவழி செல்லாது. 230 வோல்ட் 23 ஆகிவிடும்.

மீதமுள்ள நேரம் இன்னும் கவனம் தேவைப்படுவது. பொது எம்ஐபியில் 1.3.6.1.2.1.33.1.2.3.0 நிமிடமாகச் சொல்லும்: 60. ஏபிசி கிளையில் 1.3.6.1.4.1.318.1.1.1.2.2.3.0 டைம்டிக்ஸாக, அதாவது நூறில் ஒரு பங்கு விநாடியாகச் சொல்லும்: அதே ஒரு மணி நேரம் அங்கே 3,60,000. அதைக் கருவி உங்களுக்கு மணி, நிமிடம், விநாடி என்று அழகுபடுத்திக் காட்டும். ஸ்கிரிப்ட் அந்த அழகான சரத்திலிருந்து முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்விடும். நெட்-எஸ்என்எம்பி கருவிகளில் வெளியீட்டை மாற்றும் பெரிய ஓ-வுடன் சிறிய டி (-Ot) சேர்த்தால் டைம்டிக்ஸ் வெறும் எண்ணாக வரும். சிறிய ஈ (-Oe) சேர்த்தால் நிலைகள் சொல்லாக வராமல் எண்ணாக வரும். எம்ஐபி ஏற்றப்பட்ட மெஷினில் பேட்டரி நிலை ஒரு சொல்லோடு அடைப்புக்குறிக்குள் 2 என்றும், ஏற்றப்படாத மெஷினில் வெறும் 2 என்றும் வருவதால், ஒப்பிடும் வரி ஒரு மெஷினில் ஓடி மற்றதில் தோற்கும். அந்த இரண்டு எழுத்துகளையும் எப்போதும் போட்டுவிடுவது என் பழக்கம்.

சந்தேகம் வந்தால் யூபிஎஸ்ஸின் முன்பக்கத் திரைக்குப் போங்கள். அங்கே தெரியும் லோடு சதவீதம், வோல்டேஜ், பேட்டரி ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு ஸ்கிரிப்ட் சொல்வதோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு மாடலுக்கும் ஒருமுறை இதைச் செய்யாமல் எண்ணை நம்பக்கூடாது.

1.3.6.1.2.1.1.3.0 சொல்லும் 'எவ்வளவு நேரமாக ஓடுகிறது' என்பது எஸ்என்எம்பி பேசும் கார்டின் வயது, யூபிஎஸ்ஸின் வயது அல்ல. கார்டு மட்டும் தனியாக ரீபூட் ஆகலாம். அந்த எண் 32 பிட் என்பதால் சுமார் 497 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். அன்று 'யூபிஎஸ் ரீபூட் ஆனது' என்று மின்னஞ்சல் வந்தால் பதற வேண்டாம்.

படி 7: இப்போது ஸ்கிரிப்டைத் திறக்கலாம்

ஷெல்லில் ஒற்றைச் சதுர அடைப்புக்குள் வெற்று மாறியை எண்ணோடு ஒப்பிட்டால் பிழைச் செய்தி வரும், நிபந்தனை பொய்யாகும். பாஷின் இரட்டைச் சதுர அடைப்புக்குள் அதே வெற்று மாறி 0 என்று எடுத்துக்கொள்ளப்படும், ஆகவே 'பேட்டரி 0 சதவீதம்' என்று நள்ளிரவில் எழுப்பும். ஒன்று பொய்யான நிம்மதி, மற்றது பொய்யான அலறல். இரண்டும் வேண்டாம். ஒப்பிடுவதற்கு முன்பே, வந்தது இலக்கங்கள் மட்டும்தானா என்று சோதியுங்கள். இல்லையென்றால் 'தெரியவில்லை' என்று சொல்லி வெளியேறுங்கள். நாகியோஸ் முறையைப் பின்பற்றும் கண்காணிப்பு மென்பொருள்களில் அதற்கென்றே குறியீடு 3 இருக்கிறது: 0 சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை.

கட்டளையின் நிறைவுக் குறியீட்டை மட்டும் நம்புவதும் போதாது. வி2சி-யில் 'ஆப்ஜெக்ட் இல்லை' என்பது முறையான பதிலாகவே கருதப்படுவதால் எஸ்என்எம்பிகெட் 0 என்று வெற்றியோடு முடியும். டைம்அவுட்டில் அப்படி முடியாது. ஆக இரண்டையும் பார்க்க வேண்டும், குறியீட்டையும் உள்ளடக்கத்தையும்.

கிரானில் மட்டும் தோற்கும் ஸ்கிரிப்டுக்கு: கிரான் கொடுக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சிறியது, ஆகவே கட்டளைகளுக்கு முழுப் பாதை எழுதுங்கள். உங்கள் ஹோம் கோப்புறையில் இருக்கும் எஸ்என்எம்பி அமைப்பும் எம்ஐபிகளும் வேறு பயனருக்குத் தெரியாது. கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கில் டாலர் குறி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், இல்லையேல் ஷெல் அதை மாறி என்று நினைத்து விழுங்கிவிடும். கிரான்டேப் வரியில் நேரடியாக % குறி வந்தால் கட்டளை அங்கேயே முடிந்ததாக அர்த்தம். ரகசியங்களை கிரான்டேப்பில் எழுதாமல், உரிமை இறுக்கிய தனிக் கோப்பில் வைத்துப் படிப்பது எல்லா விதத்திலும் நல்லது.

படி 8: நேரக் கணக்கு

நெட்-எஸ்என்எம்பி வழக்கமாக ஒரு விநாடி காத்திருந்து, ஐந்து முறை மறுபடி கேட்கும். அதாவது உயிரில்லாத சாதனம் ஒன்று ஒரு கேள்விக்கு 6 விநாடி எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் 40 சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிடமும் 5 கேள்வி தனித்தனியாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் அறுந்தால் 40 × 5 × 6 = 1200 விநாடி, இருபது நிமிடம். கிரானோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்றைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். கார்டுகள் திரும்பி வரும்போது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் ஸ்கிரிப்ட்கள் எல்லாம் சேர்ந்து அவற்றை அமுக்கும். இந்தக் கார்டுகளின் செயலி சின்னது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் திணறும்.

செய்ய வேண்டியவை: ஐந்து ஓஐடிகளையும் ஒரே கேள்வியில் கேளுங்கள். வி1-இல் அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மொத்தப் பதிலும் பிழையாகும் என்பதால் வி2சி அல்லது வி3 நல்லது. முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் அந்தச் சாதனத்தை விட்டுவிட்டு நகருங்கள். எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைப் போட்டு, முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி தடுங்கள். மெதுவான கார்டுக்கு மறுமுயற்சியைக் குறைத்து, காத்திருக்கும் நேரத்தை 3 விநாடியாக்குவது விநாடிக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்பத் தட்டுவதைவிட மேல். மொத்தமாகக் கேட்கும் கெட்பல்க் சில கார்டுகளில் பாதியில் நின்றால், ஒரு முறைக்கு எத்தனை வரி என்பதைக் குறையுங்கள். பதில் ஒரு பேக்கெட்டுக்குள் அடங்காமல் துண்டாகி, வழியில் துண்டு தொலைந்திருக்கும்.

எஸ்என்எம்பி அல்லாத வழிகள்

என்யூடி வழியாகக் கேட்பவர்களுக்கு டிசிபி 3493 திறந்திருக்க வேண்டும். நிலையை அது சுருக்கெழுத்துகளாகச் சொல்லும்: லைனில் இருந்தால் ஓஎல், பேட்டரியில் ஓடினால் ஓபி, பேட்டரி தாழ்ந்தால் எல்பி, பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் ஆர்பி. இவை ஒன்றாகச் சேர்ந்தும் வரும். ஆகவே சரம் முழுவதும் 'ஓஎல்' என்பதற்குச் சமமா என்று கேட்கும் ஸ்கிரிப்ட், சார்ஜ் ஆகும்போது பின்னால் இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டதும் தடுமாறும். இடைவெளியில் பிரித்து, சொல் சொல்லாகத் தேடுங்கள். 'தரவு பழையது' என்ற பிழை வந்தால் டிரைவர் சாதனத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அல்லது கார்டு மெதுவாக இருப்பதால் சர்வரின் வழக்கமான 15 விநாடி வரம்பு போதவில்லை.

மோட்பஸ் டிசிபி 502-வது போர்ட். கையேட்டில் 40001 என்று இருக்கும் ரெஜிஸ்டர், கம்பியில் 0 என்ற முகவரியாகப் போகும். உங்கள் லைப்ரரி இதைத் தானே கழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் ஒரு ஃபேஸின் வோல்டேஜ் கேட்டு அடுத்த ஃபேஸின் வோல்டேஜைப் படித்துக்கொண்டிருப்பீர்கள், அதுவும் நம்பும்படியான எண்ணாகவே இருக்கும். 32 பிட் மதிப்புகள் இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து வரும். வரிசை மாறினால் 70,000 என்ற மீட்டர் அளவு 29,25,52,705 என்று தெரியும். இப்படி வானத்தைத் தொடும் எண் வந்தால் மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். இணைப்பை மூடாமல் விட்டுவிடும் ஸ்கிரிப்ட் சில மணி நேரத்தில் கார்டின் இணைப்பு இடங்களை நிரப்பிவிடும், பிறகு யாருக்கும் பதில் வராது.

எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து திரையைப் படிக்கும் ஸ்கிரிப்ட் சர்வரை மேம்படுத்திய மறுநாள் நின்றால், ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பதிப்பைப் பாருங்கள். 2021-இல் வந்த 8.8, எஸ்ஹெச்ஏ-1 கொண்ட ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டது. பழைய கார்டுகளுக்கு அதைத் தவிர வேறு தெரியாது. டிஎல்எஸ் 1.0 மட்டும் பேசும் வலைப்பக்கங்களுக்கும் இதே கதைதான். முடிந்தால் கார்டின் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். முடியாவிட்டால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பழைய முறையை அனுமதியுங்கள், சர்வர் முழுவதற்கும் அல்ல.

படி 9: மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்

எல்லாம் சரியானதும் ஒரு சோதனை மிச்சம். உரியவர்களிடம் சொல்லிவிட்டு, பராமரிப்பு நேரத்தில், யூபிஎஸ்ஸின் உள்ளீட்டை நிறுத்துங்கள். ஸ்கிரிப்ட் அடுத்த ஓட்டத்தில் 'பேட்டரி' என்று சொல்கிறதா? எத்தனை நிமிடம் கழித்து உங்களுக்குத் தகவல் வருகிறது?

இதை முதன்முதலில் செய்தபோது எனக்கு வந்தது பேட்டரி எச்சரிக்கை அல்ல, டைம்அவுட். யூபிஎஸ்ஸின் நெட்வொர்க் கேபிள் போய்ச் சேர்ந்த ஸ்விட்ச் நேரடி மின்சாரத்தில் செருகப்பட்டிருந்தது. மின்சாரம் போனதும் ஸ்விட்ச் அணைந்தது. யூபிஎஸ் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது, அதைச் சொல்ல வழிதான் இல்லை. ஸ்கிரிப்ட் ஓடும் சர்வர், நடுவில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்ச், தகவல் வெளியே போகும் ரவுட்டர் ஆகியவை எந்த அவுட்லெட்டில் இருக்கின்றன என்று கையால் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பிறகு கார்டின் நெட்வொர்க் கேபிளையும் ஒருமுறை உருவிவிட்டு, டாஷ்போர்டில் அந்த யூபிஎஸ் பச்சையாகவே இருக்கிறதா, 'தெரியவில்லை' என்று மாறுகிறதா என்று காத்திருந்து பாருங்கள்.